வாய்விட்ட சொல்லும் வழிவழி வரும் கடனும்

தெய்வத்தின்முன் ஒரு வேண்டுதலைச் சொன்னவர் அதை நிறைவேற்றுமுன் இறந்துபோனால் அந்தச் சொல் என்ன ஆகிறது என்ற கேள்வி, தமிழர் சமயவாழ்வில் வீட்டுத் திண்ணை முதல் சாத்திர நூல் வரை எல்லாத் தளங்களிலும் எழுந்து வந்திருக்கிறது. சொன்னவரோடு அது முடிந்துவிடுகிறது என்று கொள்வாரும் உண்டு. தெய்வத்தின் கணக்கில் நிலுவையாக நின்று வாரிசுகளின் தலையில் இறங்குகிறது என்று கொள்வாரும் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. ஏனெனில் அங்கே வேண்டிக்கொண்டவர் மட்டுமன்றி, வேண்டுதல் சொல்லப்பட்ட தோட்டமும், சில இடங்களில் அதைக் கேட்டு நின்ற கோயிலுமே இல்லாமல் போயிருக்கின்றன. சொன்னவரும் இல்லை, சொன்ன இடமும் இல்லை, சொல் மட்டும் குடும்பத்தாரின் நினைவில் எஞ்சியிருக்கிறது என்னும் நிலையில், அச்சொல்லுக்குப் பிறரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். இந்த ஆராய்ச்சிக்குக் கணினி நிரல்மொழிக் கோட்பாட்டிலிருந்து இரண்டு கருத்துகள் துணையாகின்றன: ஒன்று ஒத்திவைக்கப்பட்ட கணக்கீடு, மற்றொன்று மேற்கோளாக வைக்கப்பட்ட கோவை. இரண்டும் இன்னும் நிறைவேறாதவை என்ற அளவில் ஒன்றுபோலத் தோன்றினாலும் இயல்பில் வேறானவை. அந்த வேறுபாட்டைக் காணத் தவறுவதே மூதாதையர் வேண்டுதல் குறித்த அச்சங்கள் பலவற்றுக்கும் வேராக இருக்கிறது.

பேராக்கின் ரப்பர் வரலாறு 1877இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோ, சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார். அந்த முதல் கன்றுகளில் ஒன்று எனப் போற்றப்படும் மரம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது, முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணிகள் வழியாகவும், இந்திய அரசு 1938இல் தடைவிதிக்கும் வரை, தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் தொடர்ந்து கொண்டுவரப்பட்டனர். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு அருகே மாரியம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ மதுரைவீரனுக்கோ ஒரு கோயில் எழுந்தது. ஆனால் அது நின்ற நிலம் பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் நிலமாகவே இருந்தது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்பூட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். எனினும் பால்மரங்களின் இடத்தைப் பின்னர் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பிடித்துக்கொண்டன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் புறநகரான புந்தோங் போன்ற இடங்களுக்கும் குடிபெயர்ந்தன. கோயில்களில் சில உடன் இடம்பெயர்ந்தன, சில செம்பனைக்கு நடுவே தனித்து நின்றன, சில இல்லாமற் போயின.

வேண்டுதலின் அமைப்பை அறிய, காசு முடிந்து வைக்கும் வழக்கத்தை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது, தாயோ பாட்டியோ ஒரு வெள்ளைத் துணிக்கிழிசலை மஞ்சள் நீரில் நனைத்து, அதில் ஒரு காசை வைத்து, 'பிள்ளை எழுந்து நடந்தால் உன் சந்நிதிக்கு வந்து முடி இறக்குகிறேன்' என்பதுபோல வாய்விட்டுச் சொல்லி முடிச்சிட்டு, சாமி படத்தருகே வைக்கிறார். அந்தக் கணம் முதல் அந்தக் காசு கடைக்குப் போகும் காசன்று. வீட்டில் அரிசிக்கு இல்லையென்றாலும் அதை அவிழ்ப்பதில்லை. சொல்லப்பட்ட செயல் இன்னும் செய்யப்படவில்லை. ஆனால் செய்யப்படாமலே அது குடும்பத்தின் நடப்பை மாற்றிவிட்டது. முடிச்சு அவிழ்வதற்கு இரண்டு வேண்டும்: நிபந்தனை நிறைவேற வேண்டும், முடிந்தவர் சந்நிதிக்குச் செல்ல வேண்டும். முடிச்சினுள் அடங்கியிருப்பது காசு மட்டுமன்று என்பதையும் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளை, எந்த நோய், எந்த அம்மன், எந்தக் கோயில் என்பன எல்லாம் சொன்னவரின் மனத்தில் இருந்தபடியே அதனுள் கட்டப்பட்டிருக்கின்றன. துணியைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அவற்றில் எதுவும் தெரியாது.

நிரல்மொழிகளில் ஒரு கோவை, அதாவது கணக்கிடப்பட வேண்டிய சொற்றொடர், பெரும்பாலும் கண்ட உடனே மதிப்பிடப்படுகிறது. ஒரு செயற்கூறுக்கு 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்பதை உள்ளீடாகக் கொடுத்தால், செயற்கூறு தன் வேலையைத் தொடங்குமுன்பே அது ஐந்தாக மாறிவிடும். செயற்கூறு காண்பது ஐந்தை மட்டுமே. இதை ஆர்வ மதிப்பீடு என்பர். இதற்கு மாறானது, முன்னே ஒத்திவைக்கப்பட்ட கணக்கீடு என்று குறித்த சோம்பல் மதிப்பீடு: உள்ளீடு கணக்கிடப்படாமலே ஒரு பொதியாகக் கட்டிச் செயற்கூறிடம் ஒப்படைக்கப்படுகிறது, செயற்கூறு அந்த மதிப்பை உண்மையிலேயே கேட்கும்போதுதான் பொதி அவிழ்ந்து கணக்கு நடக்கிறது, ஒருமுறை கணக்கிட்டால் விடை அங்கேயே சேமிக்கப்பட்டு, மறுமுறை கேட்கும்போது அப்படியே தரப்படுகிறது. ஒருபோதும் கேட்கப்படாவிட்டால் அது ஒருபோதும் கணக்கிடப்படுவதில்லை. எனவே ஓர் எண்ணைச் சுழியால் வகுக்கச் சொல்லும் தவறான கோவைகூட, கேட்கப்படாத வரை எந்தத் தீங்கும் செய்யாமல் பொதிக்குள் கிடக்கும். முடிவே இல்லாத எண்களின் பட்டியலைக்கூட எழுதிவைத்து, அதில் முதல் ஐந்தை மட்டும் கேட்டுப் பெறலாம். இக்கருத்து 1976இல் ஹெண்டர்சனும் மாரிசும் ஒருபுறமும், ஃபிரீட்மனும் வைசும் மறுபுறமும் வெளியிட்ட ஆய்வுரைகளால் நிலைபெற்று, 1990இல் வெளிவந்த ஹாஸ்கெல் மொழியின் அடிப்படையாயிற்று. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் 1990களில் புள்ளியியலுக்காக உருவாக்கிய 'ஆர்' மொழியும் உள்ளீடுகளை இவ்வாறே நடத்துகிறது. அம்மொழியில் ஒவ்வொரு பொதிக்கும் மூன்று அறைகள் உண்டு: ஒன்றில் கோவை, ஒன்றில் அக்கோவை பிறந்த சூழல், ஒன்றில் கணக்கிட்டபின் வந்து அமரும் மதிப்பு. சூழல் என்பது கோவையிலுள்ள பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று சொல்லும் பெயர்ப்பட்டியல்.

மேற்கோளிடுதல் வேறு வகை. ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட ஆய்வுரையின்வழி அறிமுகமான லிஸ்ப் மொழியில், ஒரு கோவையின்முன் மேற்கோள் குறியை இட்டால், மொழி அதைக் கணக்கிடாமல் அப்படியே ஒரு பொருளாகத் திருப்பித் தருகிறது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்பதை மேற்கோளிட்டால் கிடைப்பது ஐந்தன்று. 'கூட்டு', 'இரண்டு', 'மூன்று' என்னும் மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு பட்டியல். அதைப் பிரிக்கலாம், எண்ணலாம், 'கூட்டு' என்பதை எடுத்துவிட்டுப் 'பெருக்கு' என்று மாற்றலாம், பிறகு விரும்பினால் கணக்கிடச் சொல்லலாம். ஒத்திவைக்கப்பட்ட பொதியைப் பொதுவாக இப்படித் திறந்து படிக்க இயலாது. அதைக் கேட்கலாம், கேட்காமல் விடலாம், அவ்வளவே. படிக்க முடிவதும் திருத்த முடிவதும் மேற்கோளின் வலிமை. ஆனால் அந்த வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. வெறும் மேற்கோளிட்ட கோவை தன் சூழலைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை.

இவ்விடத்தில் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 'கூலியை நாளால் பெருக்கு' என்ற கோவை ஒரு தோட்டத்தில் எழுதப்பட்டது என்றும், அங்கே கூலி 3 வெள்ளி, நாள் 20 என்றும் கொள்வோம். அதை ஒத்திவைத்த பொதியாக இன்னொரு தோட்டத்துக்கு அனுப்பினால், அங்கே நாள் மாறாமல் கூலி மட்டும் 4 வெள்ளியாக இருந்தாலும், அவிழ்க்கும்போது 60 வெள்ளியே கிடைக்கும். ஏனெனில் பொதி தான் பிறந்த தோட்டத்தின் பெயர்ப்பட்டியலோடு வந்திருக்கிறது. அதையே மேற்கோளாக அனுப்பினால், சென்றடைந்த தோட்டத்தின் கூலியும் நாளும் உள்ளே புகுந்து 80 வெள்ளி என்று விடை வரும். எழுத்து ஒன்றே, மதிப்பு வேறு. ஒத்திவைத்ததன் பொருளைச் சொன்னவரின் சூழல் தீர்மானிக்கிறது. மேற்கோளின் பொருளை அதை எடுத்து இயக்குபவரின் சூழல் தீர்மானிக்கிறது. 'ஆர்' மொழியில் பொதியிலிருந்து கோவையை மட்டும் உருவியெடுத்து, சூழலைக் கைவிடும் ஒரு கட்டளையும் உண்டு. அது ஒத்திவைப்பை மேற்கோளாக மாற்றிவிடுகிறது. பின்வரும் விவாதத்துக்கு இந்த மாற்றமே அச்சாணி.

ஒரு சொல் தான் சுட்டும் பொருளுக்காக நிற்பதும், சொல்லாகிய தனக்காகவே நிற்பதும் வேறென்பதை மரபிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், பெயரியலின் தொடக்கத்தில், சொல்லால் அறியப்படுவன அச்சொல்லின் வேறாகிய பொருளும் சொல்லாகிய தன்மையும் என இரண்டு என்று வகுக்கிறது. பாணினியின் இலக்கணம், தன் நூற்பாக்களில் வரும் சொற்கள், கலைச்சொற்களை விலக்கி, தம் வடிவத்தையே குறிக்கும் என்று முதல் அதிகாரத்திலேயே விதி செய்துகொள்கிறது. இலக்கணி 'தீ' என்றால் மாற்று விதி அச்சொல்லின்மேல் பாயுமே தவிர அடுப்பின்மேல் பாயாது. இருபதாம் நூற்றாண்டில் வில்லர்டு குவைன் 1940இல் வெளியிட்ட தருக்க நூலின்வழி இவ்வேறுபாடு மேலை மெய்யியலில் 'பயன்பாடு, சுட்டு' என்ற இணையாகப் பரவியது. தோட்ட வாழ்விலும் இது அன்றாடம் நிகழ்ந்ததே. விடியுமுன் தொழிலாளர் திரளும் பெரட்டுக்களத்தில் கணக்கரான கிராணி பெயர்ப்பட்டியலைப் படிக்கும்போது, ஏட்டிலுள்ள பெயர் ஏட்டிலுள்ளவரை வெறும் எழுத்து. ஆள் முன்வந்து குரல் கொடுத்தபின்னரே அது ஒரு நாள் வேலையும் ஒரு நாள் கூலியுமாக மாறியது. ஆள் வராத பெயரை எத்தனை முறை படித்தாலும் மரத்தில் வெட்டு விழாது.

சமயச் சொல்லில் இந்த வேறுபாடு சிக்கலாகிறது. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, 1962இல் நூலாக வெளிவந்த உரைகளில், வாக்குறுதி அளித்தல் போன்ற சில கூற்றுகள் எதையும் விவரிப்பதில்லை, சொல்லப்படுவதாலேயே ஒரு செயலாகின்றன என்று காட்டினார். அதே கூற்றை நடிகர் மேடையில் சொன்னால் அச்செயல் நிகழ்வதில்லை என்றும் கூறினார். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியில் ஒரு சிறுமி தேவாரப் பாடல் ஒன்றைப் பண்ணோடு பாடும்போது, அவள் வேண்டுகிறாளா, வேண்டுதல் ஒன்றை எடுத்துக்காட்டுகிறாளா? நடுவர்கள் கேட்பது பாடலின் வடிவத்தை. உச்சரிப்பும் பண்ணும் தாளமும் மதிப்பெண் பெறுகின்றன. அந்த அளவில் பாடல் மேற்கோளாக நிற்கிறது. ஆனால் அதே பாடலை அதே சிறுமி மறுநாள் தன் தாயின் மருத்துவமனைப் படுக்கையருகே பாடினால், ஓர் எழுத்தும் மாறாமலே அது வேண்டுதலாகிவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு திருத்தலத்தில், ஒரு நாயனாரின் சூழலில் பிறந்த சொல், ஈப்போவில் ஒரு குழந்தையின் சூழலில் உயிர்பெறுகிறது. சமய மரபு என்பதே பெருமளவு இத்தகைய மேற்கோள்களின் களஞ்சியம் என்பதும், எந்தச் சூழலோடும் சேராமல் காக்கப்பட்டதால்தான் அவை எந்தச் சூழலிலும் இயங்க வல்லவையாக இருக்கின்றன என்பதும் இதிலிருந்து பெறப்படுகின்றன. மேற்கோள் என்பது குறைபாடன்று. அது வேறொரு இருப்பு வகை.

செயலுக்கும் பயனுக்கும் இடையே நீளும் காலத்தைப் பற்றிய இந்திய விவாதம் இங்கே துணைக்கு வருகிறது. வேள்வி சில நாட்களில் முடிந்துவிடுகிறது. அதன் பயனாகச் சொல்லப்படும் துறக்கமோ இறப்புக்குப் பின்னரே கிட்டுவது. இடையில் இரண்டையும் இணைப்பது எது என்று மீமாம்சகர் கேட்டு, செயல் 'அபூர்வம்' என்னும் காணப்படாத ஓர் ஆற்றலைப் பிறப்பித்து, அது பயன் விளையும் வரை நிற்கிறது என்று விடை கூறினர். இதற்கு இறைவன் தேவையில்லை; வினையே தன் பயனைத் தானே ஈனும். சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் மறுக்கிறது. வினை அறிவற்றது, தன்னைச் செய்தவர் யார், பயன் சேர வேண்டிய இடம் எது என்பதை அது அறியாது, ஆகவே அறிவுடைய ஒருவன் கூட்டினாலன்றி அது பயனைத் தராது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் இரண்டாம் நூற்பாவில் உயிர்கள் இருவினைப்படி வந்து போவதை இறைவனின் ஆணையோடு சேர்த்தே பேசுவது இதனால்தான். நிரலின் மொழியில் சொன்னால், மீமாம்சகர் பொதி தானே அவிழும் என்கின்றனர். சித்தாந்திகள் கேட்பவன் ஒருவன் இல்லாமல் எந்தப் பொதியும் அவிழாது என்கின்றனர்.

சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டி, இன்னும் நுகரப்படாமல் கிடக்கும் குவியல் சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென்று எடுத்து நுகரப்படுவது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். குவியல் முழுவதும் ஒருசேரப் பயன் தருவதில்லை என்பதும், இப்பிறவிக்கு வேண்டிய அளவே எடுக்கப்படுகிறது என்பதும் சோம்பல் மதிப்பீட்டின் இயல்பை ஒத்தவை. இதைவிடக் குறிப்பிடத்தக்கது இன்னொன்று: குருவின் அருளால் பெறும் தீக்கையில் சஞ்சிதம் நுகரப்படாமலே அழிகிறது என்று இந்நெறி கொள்கிறது. கேட்கப்படாத பொதி கணக்கிடப்படாமலே நினைவகத்திலிருந்து நீக்கப்படுவது நிரல்மொழிகளில் வழக்கமான நிகழ்ச்சி. ஈட்டியதெல்லாம் நுகர்ந்தே தீர வேண்டும் என்ற கடுமையான கணக்குக்கு மாற்றாக, நுகராமலும் தீரும் வழியொன்று உண்டு என்று சித்தாந்தம் திறந்துவைத்த கதவு அருளுக்கு உரியது. ஒப்புமை இந்த எல்லையோடு நிற்க வேண்டும். சோம்பல் மதிப்பீடு பழுதின்றி இயங்குவது, கணக்கிடும் நேரம் விடையை மாற்றாத தூய மொழிகளில்தான். உலகை மாற்றும் செயல்கள் நுழைந்தால் எது முன், எது பின் என்பது பொருட்படத் தொடங்கிவிடும். மனித வாழ்வில் ஏறத்தாழ எல்லாச் செயலும் அத்தகையது. பிள்ளை பிழைத்த மறுமாதம் செலுத்தும் நன்றியும், அப்பிள்ளை பேரன் எடுத்தபின் செலுத்தும் நன்றியும் ஒரே மதிப்புடையன என்று எவரும் சொல்லார். நிரலில் பொதியைக் கேட்பதும் ஓர் இயந்திரமே. இறைவன் அத்தகைய இயந்திரமல்லன்.

இப்போது தொடக்கக் கேள்விக்கு விடை உருவாகிறது. பாட்டி முடிந்த வேண்டுதல் அவரைப் பொறுத்தவரை ஒத்திவைக்கப்பட்ட பொதி: சொல், சூழல் இரண்டும் ஒருங்கே அவருடைய உயிரில் பதிந்தவை. அவர் இறக்கும்போது அந்தப் பொதி எங்கும் கைவிடப்படுவதில்லை. சித்தாந்தப்படி ஒவ்வோர் உயிரின் வினையும் அவ்வுயிருக்கே உரியது, அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்ப்பவன் இறைவன். வீட்டில் எஞ்சுவது அதன் இன்னொரு படி: 'அப்பத்தா காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார்' என்று பேரப்பிள்ளைகள் சொல்லும் கூற்று. அந்தக் கூற்றில் சொல் இருக்கிறது, சூழல் இல்லை. எந்த அச்சத்தின் நடுவே, எந்த அன்பின் விளிம்பில் அது சொல்லப்பட்டது என்பதை எவரும் முழுமையாக மீட்க முடியாது. 'ஆர்' மொழியின் கட்டளையைப் போல, இறப்பு பொதியிலிருந்து கோவையை உருவி மேற்கோளாகக் குடும்பத்தின் கையில் தந்துவிடுகிறது. முடிந்துவைத்த காசே இதற்குச் சான்று. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணயங்களுக்கு மாற்றாக 1967இல் பேங்க் நெகாரா புதிய நாணயத்தை வெளியிட்டபின், 1950களில் முடிந்த காசு ஒன்று இன்று அவிழ்க்கப்பட்டால் கையில் விழுவது செல்லாக் காசு. அந்நாளில் அக்காசுக்கு மதிப்பளித்த அரசும் சந்தையும் இன்றில்லை. அதைச் செலுத்த விரும்புபவர் இன்றைய ரிங்கிட்டைத்தான் உண்டியலில் இட வேண்டியிருக்கிறது. அப்படி இடுவது தம் சூழலில், தம் பணத்தால், தாமே செய்யும் புதிய செயல்.

சூழல் மாறினால் வேண்டுதலின் பொருளே மாறிவிடும் என்பதற்குப் பத்து காஜா அருகே உள்ள ஒரு கட்டடம் எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்துக்காரரான ரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் 1915இல் அங்கே ஒரு பெருமாளிகையை எழுப்பத் தொடங்கினார். ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவி, மாளிகை வேலையில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டபோது, அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதாகவும், அவர் இணங்கிக் கட்டிக்கொடுத்ததாகவும் அவ்வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. மாளிகையிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் மகா மாரியம்மன் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளை உடையும் தலையில் தொப்பியுமாக நிற்கும் ஓர் உருவம் அவரைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடிக்கப்படாமலே நின்றுபோயிற்று. இங்கே தொழிலாளர்களின் சொல்லை முதலாளி தம் சூழலில் எடுத்து இயக்கினார். அவர்களுக்கு அது அம்மனின் சினம் தணிக்கும் செயல். அவருக்கு அது வேலை தடையின்றி நடக்க வழியாகவோ, இறந்தவர்களுக்கு மரியாதையாகவோ, இரண்டுமாகவோ இருந்திருக்கலாம். சொல் ஒன்றே, இயக்கியவரின் சூழலுக்கேற்ப அதன் மதிப்பு வேறுபட்டது. கோயில் எழுந்ததனால் அவர் அம்மனிடம் வேண்டிக்கொண்டவர் ஆகிவிடவில்லை. தம்முடையதல்லாத ஒரு வேண்டுதலுக்குத் தாமாக இசைந்தவர் ஆனார்.

சொல்லைச் சூழலோடு சேர்த்தே கொண்டுசெல்லும் வழியையும் நாட்டார் சமயம் கண்டறிந்திருக்கிறது. ஊரைவிட்டுப் பெயர்பவர்கள் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று, புதிய ஊரில் அதை வைத்துத் தெய்வத்தை நிலைநாட்டுவது தமிழகத்தில் நெடுநாளைய வழக்கம். தெய்வத்தின் பெயரை மட்டும் எடுத்துச் சென்றால் போதும் என்று அவர்கள் கருதவில்லை. பெயர் எந்த மண்ணில் பொருள் பெற்றதோ அந்த மண்ணிலும் ஒரு பிடி உடன் வர வேண்டும் என்று கருதினர். ஆகமவழிக் கோயில்களிலும், திருப்பணி தொடங்குமுன் தெய்வசாந்நித்தியத்தைப் பாலாலயத்துக்கு மாற்றி, குடமுழுக்கின்போது மீண்டும் மூலவரிடம் சேர்க்கும் கிரியை உண்டு. தோட்டக் கோயில் ஒன்று நகர்ப்புறத்துக்கு இடம்பெயரும்போது இத்தகைய கிரியைகள் முறையாக நடந்தால், அங்கே செய்துகொண்ட வேண்டுதல்களின் சூழலில் தெய்வம் என்ற உறுப்பு அறுபடாமல் தொடர்கிறது என்று கொள்ள இடமுண்டு. தோட்டத்தில் வேண்டிக்கொண்டவர் உயிரோடிருந்தால், புதிய இடத்தில் அவர் செலுத்துவது அதே வேண்டுதலின் நிறைவேயாகும். ஆனால் கிரியை இணைப்பது தெய்வத்தின் இடத்தை. வேண்டியவரின் உயிரை இன்னொருவரின் உயிராக அது மாற்றுவதில்லை.

இதற்கு எதிராக வலுவான ஒரு தடை எழுப்பப்படலாம். காத்தியாயனர் பெயரில் வழங்கும் தருமநூல் கூற்றுகள், தந்தை நலத்தோடிருந்தபோதோ நோயுற்றபோதோ அறத்தின்பொருட்டு அளிப்பதாக அறிவித்த கொடையை அவர் தராமல் இறந்தால் மகன் தர வேண்டும் என்கின்றன. மகன் தந்தையின் கடனுக்குப் பொறுப்பு என்ற கோட்பாடும் இந்துச் சட்டத்தில் நெடுங்காலம் நிலவி, இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. அப்படியிருக்க, வேண்டுதலும் வாரிசைக் கட்டுப்படுத்தாதா? இங்கே கொடை வேறு, உடல்வழி வேண்டுதல் வேறு என்று பிரித்துணர வேண்டும். இன்ன கோயிலுக்கு இவ்வளவு நெல் என்று அறிவித்த கொடையில் மதிப்பு முன்பே தீர்மானமாகிவிட்டது. எஞ்சியது ஒப்படைப்பு மட்டுமே, அதை யார் கை செய்தாலும் பெறுபவருக்கு வேறுபாடில்லை. அதன் சுமையும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மேல் விழுகிறது. முடி இறக்குவதும், காவடி எடுப்பதும், தீ மிதிப்பதும் அத்தகையன அல்ல. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சேரோ அடியிலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் வரை பால்குடம் சுமந்து நடப்பவரின் விரதமும், வெயிலில் தார்ச்சாலையைத் தொடும் வெறுங்காலும், அவர் வாயிலிருந்து எழும் அரோகராவும் அந்த வேண்டுதலுக்கு வெளியே உள்ள கூலியல்ல; அவையே வேண்டுதலின் உள்ளடக்கம். ஒருவரின் பணிவை இன்னொருவர் அவருக்குப் பதிலாகப் பணிந்துவிட இயலாது.

இந்த முடிவுக்கு நடைமுறையில் எடை உண்டு. தொழில் நொடிக்கும்போதோ, திருமணம் தள்ளிப்போகும்போதோ, பிள்ளைப்பேறு வாய்க்காதபோதோ குறி கேட்கச் செல்லும் குடும்பங்களுக்கு, தோட்டத்தில் பாட்டன் வேண்டிவிட்டுச் செய்யாமல் விட்டது பாக்கியிருக்கிறது, தெய்வக்குற்றம் சூழ்ந்திருக்கிறது என்ற விடை அடிக்கடி கிடைக்கிறது. அந்தக் கூற்று மேற்கோளை ஒத்திவைப்பாக எண்ணி மயங்குகிறது. பேரன் கையில் இருப்பது படிக்கத்தக்க, போற்றத்தக்க, விரும்பினால் திருத்தித் தன்னுடையதாக்கிக்கொள்ளத்தக்க ஒரு சொல்லேயன்றி, அவனறியாமல் அவன் தலையில் வெடிக்கக் காத்திருக்கும் பொதியன்று. பாட்டனின் வினை பாட்டனுடையது. அதை நுகர்விப்பதும் நுகராமல் தீர்ப்பதும் இறைவனின் ஆணைக்கும் அருளுக்கும் உட்பட்டவை. அறிவற்ற வினை தானே நடந்துவந்து பேரனைப் பற்றும் என்பது சித்தாந்தம் மறுத்த கருத்தையே வேறு வடிவில் மீட்பதாகும்.

அதே வேளையில், அந்தச் சொல்லைப் பொருளற்றதென்று எறிந்துவிடவும் இம்முடிவு இடந்தரவில்லை. மேற்கோள் காக்கப்படுவது மீண்டும் உயிர்பெறும் வாய்ப்புக்காகவே. தோட்டம் செம்பனையாகி, கோயில் பெயர்க்கப்பட்டு, வேண்டியவரும் மறைந்த பின்னர், ஈப்போவில் வளர்ந்த ஒரு பேத்தி தன் பாட்டியின் வேண்டுதலை அறிந்து, அதைத் தன் நன்றியால் ஏற்று, தன் விரதத்தோடு கல்லுமலைக்கு நடப்பாளானால், அவள் பழைய கடனை அடைக்கவில்லை. பாட்டியின் சொல்லால் தன் வேண்டுதலைச் செய்கிறாள். அச்செயலில் பாட்டி நினைக்கப்படுகிறார், தெய்வம் வழிபடப்படுகிறது, அச்சத்துக்கு அங்கே இடமில்லை. நடக்க விருப்பமில்லாத பேரனும் குற்றவாளியாவதில்லை. பாட்டி என்ன வேண்டினார் என்பதைப் பிழையின்றித் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதே அவன் அச்சொல்லுக்குச் செய்ய வேண்டிய முறைமை.